கொரோனாவால் மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் யார் பிழைத்தார்கள், யார் பிழைக்கவில்லை, எதனால்?

திருமங்கலம் வட்டாரத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. 2021 மே மாதத்தில் அவருடைய தாயும் தந்தையும் ஒரே வாரத்தில் கொரோனாவால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தாயார் வீடு திரும்பினார். தந்தையாருக்கு 66 வயது, சர்க்கரை நோயும் பழைய மாரடைப்பும் இருந்தன. காய்ச்சல் தொடங்கிய ஆறாம் நாள் சேர்க்கப்பட்ட அவர், சேர்ந்த ஐந்தாம் நாள் வென்டிலேட்டரில் இறந்தார். "நாலு நாளைக்கு முன்னாடியே கூட்டியாந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்று அப்போது வார்டில் ஒருவர் சொன்ன வார்த்தை இன்றுவரை அவர்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. அது உண்மையா என்று தெரிந்துகொள்ள ஆய்வுகளைத் தேடிப் படித்தபோது, மருத்துவமனையில் இறந்தவர்கள் 1.4 சதவீதம் என்று ஒன்றும், 21 என்று ஒன்றும், 26, 28 என்று வேறு சிலவும், வென்டிலேட்டரில் 88 சதவீதம் என்று இன்னொன்றும் சொல்கின்றன. எதை நம்புவது, அப்பாவைக் காப்பாற்றியிருக்க முடியுமா, அம்மாவுக்கு இனி எதைக் கவனிக்க வேண்டும் என்பவை அவருடைய கேள்விகள்.

இரண்டு அலைகளிலும் மதுரையில் கொரோனா வார்டுகளில் பணியாற்றிய பொது மருத்துவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் எண்களைப் பற்றிச் சொல்கிறேன். ஏனென்றால் அவற்றைப் படிக்கும் முறை தெரிந்தால்தான் உங்களை வாட்டும் அந்த ஒரு வாக்கியத்தையும் எடைபோட முடியும்.

1.4 சதவீதம் என்பது சீனாவின் முதல் பெரிய தொகுப்பிலிருந்து வருகிறது. 552 மருத்துவமனைகளில் சேர்ந்த 1,099 நோயாளிகளின் விவரங்களை 2020 ஜனவரி 31 வரை எடுத்துக்கொண்டு எழுதப்பட்டது அது. அந்தத் தேதியில் இறந்திருந்தவர்கள் 15 பேர், வீடு திரும்பியவர்கள் 55 பேர், மீதி 1,029 பேர் படுக்கையிலேயே இருந்தார்கள். அறுவடை பாதியில் நிற்கும் வயலைப் பார்த்து விளைச்சலைச் சொல்வது போன்ற கணக்கு இது. ஆசிரியர்கள் எதையும் மறைக்கவில்லை, கட்டுரையிலேயே இந்த விவரம் இருக்கிறது. ஆனால் செய்தியாகப் பரவியபோது அந்த 1,029 பேர் காணாமல் போய்விட்டார்கள்.

28 சதவீதம் வூஹான் நகரத்தின் இரண்டு மருத்துவமனைகளைப் பற்றியது. அங்கே முடிவு தெரிந்தவர்களை மட்டும், அதாவது வீடு திரும்பியவர்களையும் இறந்தவர்களையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 191 பேரில் 54 பேர் இறந்திருந்தார்கள். அந்த இரண்டும் மற்ற மருத்துவமனைகளிலிருந்து கொரோனா நோயாளிகளை மாற்றி அனுப்புவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை, சிலர் நோய் முற்றிய பிறகே அங்கே வந்து சேர்ந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே நாடு, ஒரே காலகட்டம், ஒரே கிருமி. ஆனாலும் ஒரு கணக்கில் 1.4, இன்னொன்றில் 28.

நியூயார்க் ஆய்வுதான் நம்மூர் வரைக்கும் பயத்தைக் கொண்டுவந்தது. 2020 மார்ச் 1 முதல் ஏப்ரல் 4 வரை ஒரே நிர்வாகத்தின் கீழ் உள்ள 12 மருத்துவமனைகளில் சேர்ந்த 5,700 பேரைப் பற்றியது அது. அவர்களில் முடிவு தெரிந்தவர்கள் 2,634 பேர், இறந்தவர்கள் 553 பேர். 21 சதவீதம் அப்படி வந்தது. வென்டிலேட்டர் வைக்கப்பட்டவர்கள் 1,151 பேர். அவர்களில் 282 பேர் இறந்திருந்தார்கள், 38 பேர் வீடு திரும்பியிருந்தார்கள், 831 பேர் இன்னும் சிகிச்சையில் இருந்தார்கள். முடிவு தெரிந்த 320 பேரை மட்டும் வைத்துக் கணக்கிட்டதால் 88 சதவீதம் என்று வந்தது. எல்லோரையும் வைத்தால் அந்தத் தேதி வரை 24.5 சதவீதம். உண்மையான விகிதம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருந்திருக்கும். பின்னர் அந்த ஆய்வை வெளியிட்ட மருத்துவ இதழே விளக்கத் திருத்தம் வெளியிட்டது. ஆனால் அதற்குள் "மெஷின் வச்சா திரும்பி வர மாட்டாங்க" என்ற நம்பிக்கை இங்கே வேரூன்றிவிட்டது. வென்டிலேட்டருக்குச் சம்மதம் கேட்கும்போதெல்லாம் அந்த 88-ஐத்தான் குடும்பங்கள் என்னிடம் திருப்பிச் சொன்னார்கள். கடும் நோயில் வென்டிலேட்டர் என்பது பெரும் ஆபத்தின் அடையாளம் என்பதில் ஐயமில்லை. வூஹான் ஆய்வில் அப்படி வைக்கப்பட்ட 32 பேரில் 31 பேர் இறந்தார்கள். ஆயினும் அந்தக் கருவி இல்லாமல் நிச்சயம் இறந்திருக்கக்கூடியவர்கள் பிழைத்துப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அரைகுறைக் கணக்கை நம்பிச் சம்மதம் மறுத்த குடும்பங்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

26 சதவீதம் பிரிட்டனின் 208 மருத்துவமனைகளில் சேர்ந்த 20,133 பேரைப் பற்றிய கணக்கு. அதிலும் மூன்றில் ஒரு பங்கினர் அப்போது சிகிச்சையில் இருந்தார்கள். அங்கே சேர்ந்தவர்களின் நடு வயது, அதாவது வயது வரிசையில் நிறுத்தினால் நடுவில் வருபவரின் வயது, 73 என்பதைக் கவனியுங்கள். நியூயார்க்கில் 63, சீனாவின் பெரிய தொகுப்பில் 47. எழுபது வயதைத் தாண்டியவர்கள் நிறைந்த வார்டையும் நாற்பது வயதுக்காரர்கள் நிறைந்த வார்டையும் ஒப்பிட்டு எந்த மருத்துவமனை நன்றாக வைத்தியம் பார்த்தது என்று சொல்ல முடியாது.

ஆகவே ஒரு மருத்துவமனையின் இறப்பு விகிதத்தைப் பார்க்கும்போது யாரை உள்ளே சேர்த்தார்கள், எப்போது எண்ணினார்கள் என்ற இரண்டையும் முதலில் கேட்க வேண்டும். நம் மாவட்டத்திலேயே இது மாறிக்கொண்டே இருந்தது. 2020 மார்ச் 25 அதிகாலையில் தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் நேர்ந்தது. இறந்தவருக்கு 54 வயது. நாட்பட்ட நுரையீரல் நோயும் கட்டுப்படாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருந்ததாக அன்றைய சுகாதாரத் துறை அமைச்சரே அறிவித்தார். அதன் பிந்தைய வாரங்களில் பரிசோதனையில் தொற்று உறுதியான எல்லோரையும், ஒரு தும்மல்கூட இல்லாதவர்களையும், மருத்துவமனையில் சேர்த்தோம். அப்போது வார்டில் இறப்பு விகிதம் குறைவாகத் தெரிந்ததில் வியப்பில்லை. 2020 ஜூன் 24-இல் மதுரையில் முழு ஊரடங்கு மறுபடி வந்த காலத்தில் நோய் பரவல் அதிகமாகி, லேசான நோயுள்ளவர்கள் சிறப்பு மையங்களுக்கும் பிறகு வீட்டுத் தனிமைக்கும் மாறினார்கள். 2021 மே மாதத்திலோ ஆக்ஸிஜன் இறங்கியவர்களுக்கே படுக்கை கிடைப்பது அரிதாக இருந்தது. தோப்பூர் நெஞ்சக நோய் மருத்துவமனை வளாகத்தில் 500 ஆக்ஸிஜன் படுக்கைகளை அவசர அவசரமாக ஏற்படுத்த வேண்டி வந்தது அந்த மாதத்தில்தான்.

மதுரை மாவட்டத்தின் முதல் அலையைப் பற்றி ஒரு முறையான ஆய்வு வெளியாகியிருக்கிறது. 2020 மே 20 முதல் அக்டோபர் 31 வரை இங்கே சுமார் 4.4 லட்சம் பரிசோதனைகள் நடந்தன. ஏறத்தாழ 15,800 பேருக்குத் தொற்று உறுதியாயிற்று. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு எந்த அறிகுறியும் இல்லை. 405 பேர் இறந்ததாகப் பதிவாயிற்று. அந்த ஆண்டு இறுதியில் தமிழ்நாடு முழுவதும் ரத்தத்தில் எதிர்ப்புரதத்தை (ஆன்டிபாடி) தேடிய கணக்கெடுப்போ ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் தொற்று வந்து போயிருந்ததைக் காட்டியது. பரிசோதனைக்கும் மருத்துவமனைக்கும் வந்து சேர்ந்தவர்கள், நோய் வந்தவர்களில் மிகச் சிறிய பகுதியினரே. அதனால் வார்டில் இறந்தவர்களின் விகிதத்தைக் கொண்டு நோயின் கொடுமையை அளக்கக் கூடாது. வார்டுக்கு வெளியே, வீடுகளில், கணக்கில் வராமல் இறந்தவர்களையும் மறக்கக் கூடாது.

இனி, சேர்ந்தவர்கள் யார், அவர்களில் யாருக்கு ஆபத்து அதிகம் என்பதற்கு வருகிறேன். இதில் எல்லா நாடுகளின் ஆய்வுகளும் ஏறக்குறைய ஒரே குரலில் பேசுகின்றன. முதலிடம் வயதுக்கு. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் 2020-இல் தொற்று உறுதியானவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், 5 முதல் 17 வயதுக்காரர்களில் இறந்தவர்கள் 0.05 சதவீதம், 85 வயதுக்கு மேற்பட்டவர்களில் 16.6 சதவீதம். இது மருத்துவமனையில் சேர்ந்தவர்களை மட்டும் வைத்த கணக்கு இல்லை, பரிசோதனையில் உறுதியான எல்லோரையும் வைத்தது. ஆனால் வயது ஏற ஏற ஆபத்து எப்படி ஏறுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம். அடுத்தது, ஆண்கள். பிரிட்டனிலும் நியூயார்க்கிலும் மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் ஐந்தில் மூவர் ஆண்கள். அதன் பிறகு கூட்டு நோய்கள்: நியூயார்க்கில் 57 சதவீதத்தினருக்கு ரத்த அழுத்தமும், 42 சதவீதத்தினருக்கு உடற்பருமனும், 34 சதவீதத்தினருக்குச் சர்க்கரையும் இருந்தன. அதே நேரம், பிரிட்டனில் சேர்ந்தவர்களில் 23 சதவீதத்தினருக்குக் குறிப்பிடத்தக்க வேறு நோய் எதுவும் பதிவாகியிருக்கவில்லை.

நம் பகுதிக்கு வரும்போது சர்க்கரை நோயைப் பற்றி நின்று பேசியாக வேண்டும். மேற்சொன்ன தமிழ்நாடு, ஆந்திர ஆய்வில் இறந்தவர்களில் 45 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் ஏறத்தாழ 14 சதவீதத்தினருக்கு அந்நோய் உண்டு என்று 2023-இல் வெளியான தேசிய ஆய்வு காட்டுகிறது. இறந்தவர்கள் வயதில் மூத்தவர்கள் என்பதால் இந்த இரண்டு எண்களை நேருக்கு நேர் வைத்துக் கணக்குப் போடக் கூடாது. இருந்தாலும் வேறுபாடு கண்ணில் படாமல் போகாது. உசிலம்பட்டியிலிருந்தும் பேரையூரிலிருந்தும் மேலூரிலிருந்தும் வந்தவர்களில் பலருக்குத் தங்களுக்குச் சர்க்கரை இருப்பதே சேர்ந்த அன்றுதான் தெரிந்தது. தெரிந்தவர்களிலும், இடையில் வேலையும் போக்குவரத்தும் நின்றுபோன மாதங்களில் மாத்திரையை விட்டவர்கள் கணிசமாக இருந்தார்கள். ரத்தத்தில் சர்க்கரை ஓங்கி நிற்கும்போது வெள்ளணுக்களின் வேலை குறைகிறது, ரத்தக் குழாய்களின் உட்சுவர் ஏற்கெனவே பழுதுபட்டிருக்கிறது, ரத்தம் உறையும் போக்கு கூடுகிறது. கொரோனா தாக்குவதும் அதே ரத்தக் குழாய்ச் சுவரைத்தான். அதற்கு மேல், உயிர்காக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு சர்க்கரையை இன்னும் ஏற்றிவிடும். 2021-இல் கறுப்புப் பூஞ்சை என்று மக்கள் பயந்த மியூகோர்மைகோசிஸ் பெரும்பாலும் இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் முளைத்தது. அந்த மே மாதத்தில் தமிழ்நாடு அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. முகத்தின் ஒரு பக்கம் வலியும் கண் வீக்கமுமாகத் திரும்பி வந்தவர்களில் சிலர் கொரோனாவிலிருந்து தப்பியும் கண்ணை இழந்தார்கள். சர்க்கரையைச் சரியாக அளந்து இன்சுலினைக் கூட்டிக் குறைத்திருந்தால் இவற்றில் பலவற்றைத் தடுத்திருக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

அறிகுறிகளில் மக்களை ஏமாற்றியது காய்ச்சல். சீனத் தொகுப்பில் சேரும்போது காய்ச்சல் இருந்தவர்கள் 44 சதவீதம். நியூயார்க்கில் 31 சதவீதமே. காய்ச்சல் விட்டுவிட்டது, நோயும் விட்டுவிட்டது என்று எண்ணியவர்களுக்கு ஏழாம் எட்டாம் நாளில் மூச்சுத் திணறல் தொடங்கியது. வூஹானில் இறந்தவர்களுக்கு நோய் தொடங்கியதிலிருந்து இறப்பு வரை ஆன காலத்தின் நடு மதிப்பு 18.5 நாள். நம் இரு மாநில ஆய்வில் இறந்தவர்களில் பாதிப்பேர் பரிசோதனை செய்த ஆறு நாட்களுக்குள் இறந்துவிட்டார்கள். பரிசோதனைக்கே நோய் முற்றிய பிறகு வந்தவர்கள் அவர்களில் நிறைய இருந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, இந்த நோயில் ஆக்ஸிஜன் அளவு இறங்கியும் மூச்சு வாங்குவதாக உணராதவர்கள் இருந்தார்கள். 80-க்குக் கீழே காட்டிய ஒருவர் கைபேசியில் வீட்டுக்காரர்களோடு சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தால் யாருக்கும் குழப்பம் வரும். நுரையீரல் விறைக்காமல், கரிவளி (கார்பன் டை ஆக்ஸைடு) வெளியேறுவது தடைபடாமல், ஆக்ஸிஜன் மட்டும் ரத்தத்தில் கலக்காத நிலை அது. மூளைக்கு மூச்சுத் திணறல் உணர்வை எழுப்புவது பெரும்பாலும் கரிவளியின் ஏற்றம் என்பதால் அபாய மணி அடிப்பதில்லை. அதனால்தான் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இவ்வளவு முக்கியமாயிற்று. அந்தக் கருவியிலும் ஒரு குறை உண்டு. கருத்த தோலுள்ளவர்களில் அது உண்மையான அளவைவிடக் கூடுதலாகக் காட்டிவிடுவது அதிகம் என்று 2020 டிசம்பரில் ஓர் அமெரிக்க ஆய்வு எடுத்துக் காட்டியது: ரத்தத்தில் ஆக்ஸிஜன் 88-க்கும் கீழே இருந்தும் கருவி 92 முதல் 96 வரை காட்டிய நிகழ்வுகள் வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நம் மக்களின் தோல் நிறத்தை வைத்துப் பார்த்தால் வீட்டில் 94 என்று பார்த்து நிம்மதியடைந்த குடும்பங்கள் தவறு செய்ததாக நான் சொல்ல மாட்டேன்.

பரிசோதனைகளில் மக்கள் மனத்தில் நின்றது, ஸ்கேனில் தெரியும் நுரையீரல் பாதிப்புக்குக் கொடுக்கும் சி.டி. ஸ்கோர். இருபத்தைந்துக்கு எத்தனை என்பதையே நோயின் மதிப்பெண்ணாக ஊரில் பேசிக்கொண்டார்கள். என் அனுபவத்தில் அதற்குத் தகுதிக்கு மீறிய இடம் கொடுக்கப்பட்டது. படுக்கையருகே நின்று ஒரு நிமிடம் மூச்சை எண்ணினால் கிடைக்கும் தகவல் அதைவிட மேலானது. ரத்தப் பரிசோதனைகளில் லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்களின் குறைவு, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., ரத்தம் உறைவதைக் காட்டும் டி-டைமர் ஆகியவற்றின் ஏற்றம், யூரியா ஏற்றம் ஆகியவை பயனுள்ளவை. வூஹான் ஆய்வில் முதிர்ந்த வயதும் உறுப்புகள் செயலிழப்பதைக் காட்டும் மதிப்பெண்ணும் டி-டைமர் ஏற்றமும் மரணத்தோடு தனித்தனியே தொடர்புடையவையாக இருந்தன.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பிரிட்டனில் 2020-இல் '4சி' என்ற ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கினார்கள். வயது, ஆணா பெண்ணா என்பது, கூட்டு நோய்கள், மூச்சு வேகம், ஆக்ஸிஜன் அளவு, நினைவு நிலை, யூரியா, சி.ஆர்.பி. என்ற எட்டே தகவல்கள், மொத்தம் 21. மூன்று வரை எடுத்தவர்களில் இறந்தவர்கள் 1.2 சதவீதம், 4 முதல் 8 வரை 9.9; 9 முதல் 14 வரை 31.4, 15-உம் அதற்கு மேலும் 61.5. நீங்கள் அனுப்பிய விவரங்களை இதில் வைத்துப் பார்த்தேன். உங்கள் தந்தையாரின் வயதுக்கு 4, ஆண் என்பதற்கு 1, சர்க்கரையும் இதய நோயும் சேர்ந்து 2. சேர்ந்தபோது ஆக்ஸிஜன் 84 என்பதற்கு 2, நிமிடத்துக்கு 32 மூச்சு என்பதற்கு 2, சி.ஆர்.பி. நூறைத் தாண்டியதற்கு 2. நினைவு தெளிவாக இருந்தது, யூரியா இயல்பு. ஆக 13. இந்தப் பதின்மூன்றில் ஏழு, கிருமி உடலுக்குள் நுழைந்த அன்றே அவரிடம் இருந்தவை. யாரும், எந்த நாளில் கூட்டி வந்திருந்தாலும், அவற்றை மாற்றியிருக்க முடியாது. மீதி ஆறில் சிலவற்றை முன்னதாக வந்திருந்தால் குறைத்திருக்கலாம். இந்த மதிப்பெண் முறை கூட்டத்துக்குரியது, தனி ஒருவரின் முடிவைச் சொல்லாது. அதுவும் பிரிட்டனின் நோயாளிகளை வைத்து உருவானது. ஆனாலும் சுமை எங்கெங்கே இருந்தது என்று பார்க்க உதவுகிறது.

இப்போது அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். காய்ச்சலின் ஆறாம் நாள் சேர்க்கப்பட்டவரை நான்கு நாள் முன்னால் கொண்டுவருவது என்றால் இரண்டாம் நாள் கொண்டுவருவது. 2021 மே மாதத்தில், காய்ச்சலின் இரண்டாம் நாளில் இருப்பவருக்கு ஆக்ஸிஜன் பெரும்பாலும் 96, 97 இருக்கும். அன்று நடைமுறையிலிருந்த விதி, 94-க்கு மேல் இருந்து மூச்சுத் திணறலும் இல்லாதவரை வீட்டுத் தனிமைக்கு அனுப்பச் சொன்னது; 90 முதல் 93 வரை, அல்லது மூச்சு வேகம் 24-ஐத் தொட்டால் மிதமான நோய்; 90-க்குக் கீழே கடும் நோய். அவருடைய வயதையும் இதய நோயையும் சொல்லிக் கேட்டிருந்தால் ஒருவேளை சேர்த்துக் கவனித்திருக்கலாம். ஆனால் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியான மே 21-ஐ ஒட்டிய நாட்களில், மாத்திரை கொடுத்துத் திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்பதே என் கணிப்பு. அந்த இரண்டாம் நாளில் கொடுப்பதற்கு, மரணத்தைத் தடுக்கும் என்று நிரூபணமான மருந்து எதுவும் எங்கள் கையில் இல்லை. ஐந்தாம் நாள் ஆக்ஸிஜன் 91, 92 என்று இறங்கத் தொடங்கிய வேளையில் வந்திருந்தால், ஆக்ஸிஜனும் ஸ்டீராய்டும் ஒரு நாள் முன்னதாகத் தொடங்கியிருக்கும். அது ஓரளவு உதவியிருக்கக்கூடும். எவ்வளவு என்று எவராலும் சொல்ல முடியாது. ஒரு நாள் என்பதும் நான்கு நாள் என்பதும் வேறு வேறு. நீங்கள் நான்கு நாளின் பழியைச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள், அது உங்களுடையதாக இருக்க முடியாது. அதைச் சொன்னவரும் பல இரவுகள் தூங்காமல், அடுத்தடுத்து இறந்தவர்களைப் பார்த்துக் களைத்துப் போன ஒருவராக இருந்திருப்பார். அப்படியிருந்தும் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

இரண்டாம் அலை முதல் அலையைவிடக் கொடியதாக இருந்தது என்பதற்கு நாடளாவிய பதிவேடு சான்று தருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அந்தப் பதிவேட்டில் இரு அலைகளையும் சேர்த்து ஏறத்தாழ 19,000 பேர் இடம்பெற்றார்கள். இரண்டாம் அலையில் சேர்ந்தவர்களின் சராசரி வயது சற்றுக் குறைவு, 50.8-க்குப் பதில் 48.7, ஆனால் இறப்பு 10.2-லிருந்து 13.3 சதவீதமாக உயர்ந்தது. மூச்சுத் திணறலோடு வந்தவர்களும் அதிகம். டெல்டா வகைக் கிருமியின் வேகமும், படுக்கைக்கும் ஆக்ஸிஜனுக்கும் தட்டுப்பாடு ஏற்பட்ட நெருக்கடியும், லேசான நோயாளிகள் வீட்டிலேயே தங்கிவிட்டதும் இதில் கலந்திருக்கின்றன. மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க அந்தக் கணக்கு இடம் தராது.

சிகிச்சையைப் பொறுத்தவரை, உயிர் பிழைக்கும் வாய்ப்பை மாற்றியவை சிலவே. 2020 ஜூன் மாதத்தில் பிரிட்டனின் 'ரெக்கவரி' ஆய்வு டெக்ஸாமெதசோன் என்ற மலிவான பழைய ஸ்டீராய்டின் பயனை நிறுவியது. தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 41.4-லிருந்து 29.3 சதவீதமாகக் குறைந்தார்கள்; ஆக்ஸிஜன் மட்டும் பெற்றவர்களில் 26.2-லிருந்து 23.3. ஆனால் ஆக்ஸிஜனே தேவைப்படாதவர்களில் பலன் எதுவும் இல்லை. மருந்து பெற்றவர்களில் 17.8, பெறாதவர்களில் 14 சதவீதம் பேர் இறந்தார்கள். இந்தக் கடைசி வரியை நம் பகுதியில் பலர் காதில் வாங்கவில்லை. காய்ச்சலின் முதல் நாளிலேயே ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்கி, சர்க்கரை ஏறிய நிலையில் வந்தவர்களை நான் வார்டில் பார்த்தேன். குப்புறப் படுக்க வைப்பதும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசியும், அழுத்தத்தோடு கூடிய ஆக்ஸிஜனும் உதவின. மலேரியா மருந்தான ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும், குணமானவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த பிளாஸ்மாவும் உதவவில்லை. பிளாஸ்மாவைப் பற்றி இந்தியாவிலேயே 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம் முறையாகச் சோதித்து, பயனில்லை என்று 2020-இலேயே வெளியிட்டார்கள். ரெம்டெசிவிருக்காக 2021 மே மாதத்தில் வெயிலில் வரிசையில் நின்ற உறவினர்களை நினைத்துப் பார்க்கிறேன். அந்த மருந்து மரணத்தைக் கணிசமாகக் குறைக்காது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு ஆய்வில் முந்திய அக்டோபரிலேயே தெரிந்திருந்தது. உங்கள் தந்தையாருக்கு அது கிடைக்காமல் போனதைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். அதனால் அவர் இறந்தார் என்று எண்ண வேண்டாம்.

தடுப்பூசி போட்டவர்களும் வார்டில் இருந்தார்களே என்று உங்கள் சகோதரர் கேட்டதாகச் சொன்னீர்கள். இருந்தார்கள். எத்தனை பேரில் எத்தனை என்று பார்க்க வேண்டும். தமிழ்நாடு காவல் துறையினர் 1,17,524 பேரிடம் 2021 பிப்ரவரி முதல் மே நடுப்பகுதி வரை கவனித்ததில், ஊசி போடாத 17,059 பேரில் 20 பேர் இறந்தார்கள். ஒரு தவணை போட்ட 32,792 பேரில் 7 பேர். இரு தவணையும் போட்ட 67,673 பேரில் 4 பேர். கொரோனா மரணத்தைத் தடுப்பதில் இரு தவணையின் திறன் 95 சதவீதம் என்று இதிலிருந்து கணக்கிட்டார்கள்.

கடைசியாக உங்கள் தாயார். வீடு திரும்புவதோடு கதை முடிவதில்லை என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. பிரிட்டனில் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய 47,780 பேரில், சராசரியாக 140 நாட்களுக்குள் 29 சதவீதத்தினர் மறுபடி சேர்க்கப்பட்டார்கள், 12 சதவீதத்தினர் இறந்தார்கள். இந்தியாவில் 31 மருத்துவமனைகளில் 14,419 பேரை ஓராண்டு பின்தொடர்ந்ததில் 942 பேர், அதாவது 6.5 சதவீதத்தினர் இறந்தார்கள். அறுபதைத் தாண்டியவர்களுக்கும் கூட்டு நோயுள்ளவர்களுக்கும் ஆபத்து அதிகமாக இருந்தது, தொற்றுக்கு முன்பே ஊசி போட்டிருந்தவர்களுக்குக் குறைவாக இருந்தது. உங்கள் தாயார் அந்த ஓராண்டைத் தாண்டி நெடுநாள் ஆகிவிட்டது. அந்த ஆபத்துக் காலம் அவருக்குக் கடந்துவிட்டது. வூஹானில் வீடு திரும்பியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஆறு மாதம் கழித்தும் சோர்வோ தசைத் தளர்ச்சியோ இருந்தது. பலருக்கு அது மெல்லத் தணிந்தது.

ஆனால் மாடிப்படி ஏறும்போது இன்னும் மூச்சு வாங்குகிறது, இடுப்பில் வலி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இத்தனை காலத்துக்குப் பிறகும் அதைக் 'கொரோனா வந்த உடம்பு' என்று சொல்லி விட்டுவிடக் கூடாது. மூச்சுக்கு எக்கோ (இதய ஸ்கேன்), நுரையீரல் செயல்திறன் சோதனை, ஹீமோகுளோபின், தைராய்டு ஆகியவற்றைப் பாருங்கள். சளியோ இருமலோ இருந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனையை அரசு மருத்துவமனையில் இலவசமாகவே செய்துகொள்ளலாம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைப் பாருங்கள், ஏனென்றால் மருத்துவமனையில் இருந்தபோது ஏறியதாகச் சொன்ன சர்க்கரை நிலையாகத் தங்கிவிட்டதா என்று இதுவரை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. இடுப்பு வலியைக் கட்டாயம் காட்டுங்கள்: அதிக அளவில் ஸ்டீராய்டு பெற்ற சிலருக்குத் தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்தம் போவது குறைந்து அந்த எலும்பு சிதையலாம், எக்ஸ்-ரேயில் தெரிவதற்கு முன்பே எம்.ஆர்.ஐ.யில் தெரியும், முன்னதாகக் கண்டால் மூட்டைக் காப்பாற்ற வழி உண்டு. போகும்போது 2021-இன் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்த ஸ்டீராய்டு, எவ்வளவு, எத்தனை நாள் என்பது அதில் இருக்கும், பார்க்கும் மருத்துவர் முதலில் கேட்க வேண்டியதும் அதுதான்.